பறங்கிப்பேட்டை உலையையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் பக்கத்துக் கஞ்சமலை அடிவார ஊர்களின் இரும்பு வரலாறு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சித்தர் கோயில், பழைய உருக்கு, மலையடியில் வந்த இரும்பாலை என்று எல்லாம் இருந்தது, படிக்கவும் நன்றாக இருந்தது. ஆனால் நடுவில் ஒரு இடத்தில், ஹீத் என்ற ஆங்கிலேயர் அந்தத் தாதை வைத்து ஆலை நடத்தினார், நஷ்டப்பட்டு மூடினார் என்று இரண்டே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஆலையை எங்கே நடத்தினார் என்றுகூடச் சொல்லவில்லை. எங்கள் பறங்கிப்பேட்டையில்தான் நடத்தினார். வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில், நெல்லும் மீனும் தவிர வேறொன்றும் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிற இந்தக் கடைமடையில்.

டெல்டாக்காரர்களுக்கே இது தெரியாது என்பது வேறு விஷயம். பறங்கிப்பேட்டை என்றால் பள்ளிக்கூடப் பாடத்தில் 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் நடந்த சண்டை, அவ்வளவுதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர் என்று வந்துபோன கம்பெனிகளைச் சொல்வார்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சொல்வார்கள். என் மச்சினன் சேலத்தில் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொங்கலுக்கு வந்தால் போதும், "மாமா, உங்க ஊர் வண்டல்ல காந்தத்தைப் போட்டா மண்புழுதான் ஒட்டும்" என்று ஆரம்பித்துவிடுவான். கொள்ளிடத்து மணலில் காந்தத்தைப் போட்டு இழுத்துப் பார், கறுப்புத் துகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், அதெல்லாம் உங்கள் மலைப்பக்கத்திலிருந்து அரித்து வந்ததுதான் என்று சொன்னேன். சிரித்தான். அப்புறம் 1830இல் ஹீத் இங்கே உலை வைத்த கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. முப்பது வருஷத்துக்கு மேல் இரும்பாலையில் இருந்தவனுக்கே தெரியாத கதை இது, அதனால்தான் எழுதுகிறேன்.

கஞ்சமலைத் தாது மேக்னடைட் வகை. காந்தம் இழுக்கும், கறுப்பாக இருக்கும், ஆனால் பாறையில் குவார்ட்ஸும் இரும்பும் கோடு கோடாகக் கலந்து கிடக்கும். கல்லில் இரும்பு நூற்றுக்கு 35, 40 பங்குதான் இருக்கும், மிச்சம் மணல்சத்து. அதனால்தான் அந்தக் காலத்து உலைக்காரர்கள் கல்லை அப்படியே போடமாட்டார்கள். இடித்துப் பொடியாக்கி, புடைத்தோ தண்ணீரில் அலசியோ, கனமான கறுப்புப் பொடியை மட்டும் எடுத்து, ஆள் உயரம்கூட இல்லாத களிமண் உலையில் கரியோடு மாற்றி மாற்றிப் போட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி எடுப்பார்கள். கஞ்சமலை மட்டும் இல்லை, தீர்த்தமலை, கோதுமலை, கொல்லிமலைப் பக்கமெல்லாம் இந்த வேலை நடந்திருக்கிறது. அந்த இரும்பைத் துண்டு துண்டாக்கி, ஆவாரங்கட்டையோடு சின்ன மண்குகையில், அதாவது உருக்குகிற மண் கிண்ணத்தில் வைத்து, மேலே எருக்கிலை போட்டுக் களிமண்ணால் அடைத்து, இருபது இருபத்துநாலு குகைகளை ஒன்றாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதினால் உருக்கு. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, அந்த ஹீத்தே பார்த்துவிட்டு 1839இல் லண்டனில் ஆசியவியல் சங்கத்தின் இதழில் எழுதியது. எகிப்துக்காரர்கள் அந்தப் பெரிய கல்தூண்களைச் செதுக்கியது இந்திய உருக்கு உளியால்தான் இருக்க வேண்டும் என்றும் அதில் வாதாடியிருக்கிறார். அது சரியா தப்பா என்பதை விடுங்கள், மனிதர் இங்கே பார்த்ததில் எவ்வளவு மயங்கிப்போயிருக்கிறார் என்பது தெரிகிறது.

ஜோசையா மார்ஷல் ஹீத் முதலில் இரும்புக்காரர் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் உத்தியோகத்தில் சேலம், கோயம்புத்தூர்ப் பக்கம் வணிக அதிகாரியாக இருந்தவர், பருத்தியில் கைவைத்தவர், பறவைகள் மீது ஆர்வம் உள்ளவர். வேலையை விட்டுவிட்டு, கம்பெனியிடம் கடனும் சலுகையும் வாங்கிக்கொண்டு, 1830இல் பறங்கிப்பேட்டையில் இங்கிலாந்து மாதிரியில் ஊதுலை கட்டினார். இந்தியாவில் அந்த முறையில் பெரிதாக இரும்பு காய்ச்ச எடுத்த ஆரம்பகால முயற்சிகளில் இது முக்கியமானது. ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை முதல் இரும்பு எடுத்தது 1911இல் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

சரி, தாது சேலத்தில் இருக்கும்போது உலையைக் கொண்டுவந்து எங்கள் ஊரில் ஏன் வைக்க வேண்டும்? சாலை வழியாகவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காரணம், அவருக்கு வாங்குகிற ஆள் இங்கிலாந்தின் உருக்கு ஊரான ஷெஃபீல்டில் இருந்தான், கப்பல் வேண்டும். இயந்திரமும் இங்கிலாந்திலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். உலையில் கசடைப் பிரிக்கச் சுண்ணாம்பு வேண்டும், அதற்கு இங்கே கரையோரம் கிளிஞ்சல் கிடைக்கிறது, சுண்ணாம்புக் கல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. தாது வருவதற்கு ஆறு இருக்கிறது. மலையடியிலிருந்து காவிரிக்கரைக்கு வந்து, அங்கிருந்து பரிசலில் காவிரி, கொள்ளிடம் என்று கீழே இறங்கி, கான்சாகிப் வாய்க்கால் வழியாகப் பறங்கிப்பேட்டைக்கு வந்திருக்கிறது. இப்போது சிதம்பரத்துக்காரர்கள் குப்பையும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கிறதே என்று மனு கொடுத்துக்கொண்டிருக்கிற அதே கான்சாகிப் வாய்க்கால்தான். மேட்டூர் அணை கிடையாது, அது 1934இல்தான் வந்தது, ஆகவே ஆனி ஆடியில் தண்ணீர் புரண்டு வரும்போதுதான் இந்தப் போக்குவரத்துக்கு வசதி. பரிசல் ஆற்றோடு இறங்கும், எதிர்த்து ஏறாது, திரும்பத் தலையில் சுமந்துகொண்டு போக வேண்டியதுதான். உங்கள் கட்டுரை மலையில் கல் வெட்டியவர்களைச் சொல்கிறது, உலையில் நின்றவர்களைச் சொல்கிறது, இந்தப் பரிசல்காரர்களைச் சொல்லவில்லை. ஒரு சுரங்க ஊரின் வரலாறு என்றால் அங்கே வெட்டியது எந்த வழியாக எங்கே போனது என்பதும் சேர்ந்ததுதானே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளாறும் சேலத்துத் தண்ணீர்தான். ஆத்தூர்ப் பக்கம் ஓடுகிற வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு ஆகிறது. ஆக மேற்கே காவிரி வழியாகவும் வடக்கே வெள்ளாறு வழியாகவும் சேலத்து மலைகள் எங்கள் ஊருக்குள்தான் வடிகின்றன, நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

இப்போது உங்கள் கட்டுரையில் எனக்கு மிகவும் உறுத்திய இடத்துக்கு வருகிறேன். நஷ்டப்பட்டு மூடினார் என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன் நஷ்டம்? படிக்கிறவர்கள் தாது தீர்ந்துபோயிருக்கும் என்று நினைப்பார்கள். தாது இன்றைக்கும் அந்த மலையில் அப்படியே கிடக்கிறது. தீர்ந்தது விறகு.

நிலக்கரி இல்லாத பக்கம் இது. உலை எரிவதெல்லாம் மரக்கரியில். களிமண் உலைக்காரருக்கு ஒரு நாள் வேலைக்கு நாலு கூடை கரி போதும், பக்கத்துக் காட்டில் ஆவாரையையும் வேலத்தையும் வெட்டி மூட்டம் போட்டுக்கொள்வார், அடுத்த வருஷம் அது தழைத்துவிடும். ஊதுலை அப்படி இல்லை. பற்றவைத்தால் இரவு பகல் எரிய வேண்டும், அணைத்தால் உள்ளே உறைந்து உலையே கெட்டுப்போகும், ஒரு பாரம் இரும்புக்கு அதைப்போலப் பல பாரம் கரி விழுங்கும். மரத்தில் பாதிக்கு மேல் கரியாகும்போதே போய்விடுகிறது, அப்படியென்றால் விறகுக் கணக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெல் விளைகிற சமவெளியில் காடு எங்கே இருக்கிறது? முதல் சில வருஷம் பக்கத்துப் புதர்க்காடு ஈடுகொடுத்திருக்கும். அப்புறம் வெட்டுகிற இடம் விலகி விலகிப் போக, கரி வண்டி வருகிற தூரம் கூடக் கூட, கரியின் விலை இரும்பின் விலையைத் தின்ன ஆரம்பித்துவிடும். தாதையாவது ஆற்றில் விடலாம், கரியை ஆற்றில் விட்டால் பாதி நனைந்து பாதி நொறுங்கிவிடும். வண்டியில் குலுங்கினாலே தூளாகிற சரக்கு அது, தூளானால் ஊதுலைக்கு ஆகாது. இதற்காகத்தான் தென்னார்க்காடு, சேலம் காடுகளில் மரம் வெட்டிக்கொள்ளும் உரிமையை ஹீத்தின் இரும்புக் கம்பெனி அரசிடமிருந்து வாங்கி வைத்திருந்தது. அந்த உரிமைக்கு அந்தக் காட்டில் ஆடு மாடு மேய்த்தவர்களும் சுள்ளி பொறுக்கியவர்களும் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் எழுத வேண்டியதே அதுதான்.

ஹீத்துக்கு வேறு தொல்லைகளும் இருந்தன. பணம் பற்றாது, இயந்திரம் உடைந்தால் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், மனிதருக்கும் இரும்புத் தொழிலில் முன் அனுபவம் கிடையாது. இருந்தாலும் இரும்பு நல்ல இரும்பு. கந்தகம் பாஸ்பரஸ் தொல்லை இல்லாத மரக்கரி இரும்பு என்பதால் ஷெஃபீல்டில் உருக்கு செய்ய அதைக் கேட்டு வாங்கினார்கள். ஸ்வீடனிலிருந்து வருகிற விலையுயர்ந்த இரும்போடு போட்டி போட முடிகிற சரக்கு. இங்கேதான் ஒரு வேடிக்கை. ஹீத் இங்கிலாந்து போய் 1839இல் ஒரு பேடென்ட் எடுத்தார், உருக்கு வார்க்கும்போது மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளைக் கொஞ்சம் போட்டால் உருக்கு நன்றாக இழுபடும், துண்டோடு துண்டு பற்றவைத்து ஒட்டவும் வரும் என்று. அதன் பலன் என்ன? விலை குறைந்த இங்கிலாந்து இரும்பிலேயே நல்ல உருக்கு செய்யலாம் என்றாகிவிட்டது. மரக்கரி இரும்புக்கு இருந்த கிராக்கியை, தன் ஆலையின் கிராக்கியையும் சேர்த்து, அவரே குறைத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதிலாவது காசு பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. மாங்கனீசையும் கரியையும் முன்கூட்டியே சேர்த்துக் காய்ச்ச வேண்டியதில்லை, இரண்டையும் தனித்தனியாகக் குகையில் போட்டாலே போதும் என்று பிறகு கண்டுபிடித்து, அதைத் தன் ஏஜெண்டு அன்வினிடம் சொல்லியிருக்கிறார். பேடென்டில் சேர்த்த பொருள் என்றுதானே எழுதியிருக்கிறது, நான் தனித்தனியாகப் போடுகிறேன் என்று அந்த ஆள் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்துவிட்டார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 1855இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது ஹீத் உயிரோடு இல்லை. நம் ஊர் வாய்க்கால் வரப்பு வழக்கெல்லாம் இதற்குப் பரவாயில்லை.

பாலம் விஷயத்தையும் பேசிவிடுகிறேன். பறங்கிப்பேட்டை இரும்பு வேல்ஸில் பிரிட்டானியா பாலத்துக்கும் மெனாய் பாலத்துக்கும் போனது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், உங்கள் கட்டுரையிலும் "கஞ்சமலை இரும்பு மெனாய் பாலத்தில்" என்று படத்தோடு போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருக்கிற மெனாய் தொங்கு பாலத்தை டெல்ஃபோர்டு கட்டி முடித்துத் திறந்தது 1826இல். ஹீத்தின் ஆலை 1830. பிறக்காத பிள்ளை எப்படிப் பாலம் கட்டப்போகும்? பிரிட்டானியா பாலம் 1850இல் திறந்தது, அதைச் சொன்னால் வருஷமாவது பொருந்துகிறது. பெருமை பேசலாம், வருஷத்தைச் சரிபார்த்துவிட்டுப் பேசலாம்.

ஹீத்துக்குப் பிறகும் இரும்புக் கம்பெனிக்காரர்கள் விடவில்லை. 1853இல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்று புதிதாக அமைத்து, பறங்கிப்பேட்டையோடு மலபாரில் பேப்பூரிலும், திருவண்ணாமலையிலும், சேலம் ஜில்லாவில் பூலாம்பட்டியிலும் உலை வைத்தார்கள். பூலாம்பட்டி காவிரிக்கரை ஊர், இப்போது எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறதே அதே ஊர்தான். கரிக்கும் தாதுக்கும் பக்கமாக உலையை நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள் என்பது இந்த ஊர்ப் பெயர்களிலேயே தெரிகிறது. ஆனால் காலம் மாறிவிட்டது. 1856இல் சென்னை மாகாணத்தில் காடுகளுக்கென்று கிளெக்ஹார்னைக் காப்பாளராகப் போட்டார்கள், ஏனென்றால் மரம் போகிற வேகத்தைப் பார்த்து அரசுக்கே பயம் வந்துவிட்டது. அடுத்து ரயில் வந்தது. சென்னையிலிருந்து சேலம் வழியாகப் பேப்பூர் போன அந்தப் பாதையின் தண்டவாளம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது, கஞ்சமலைப் பக்கமாகவே ஓடிய ரயிலுக்குக் கஞ்சமலை இரும்பு இல்லை. ஸ்லீப்பர் கட்டைக்கும் மரம், எஞ்சின் எரிக்கவும் விறகு. ஏற்கெனவே மொட்டையாகிக்கொண்டிருந்த காட்டுக்கு இன்னொரு வாய். 1860களின் நடுவில் பறங்கிப்பேட்டை உலை அணைந்தது, 1874இல் கம்பெனியே கலைந்தது.

இதற்கு அப்புறம் உங்கள் கட்டுரை சொன்ன கதை வருகிறது. 1967 ஜூலையில் அண்ணா எழுச்சி நாள் நடத்திச் சேலம் இரும்பாலை கேட்டது, 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது, 1981இல் உற்பத்தி தொடங்கியது எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஆலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தகடாக உருட்டுகிற ஆலையாகத் தொடங்கியது, கஞ்சமலைத் தாதைக் காய்ச்சுகிற ஆலையாக வரவில்லை என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். மலையடியில் ஆலை, மலையில் தாது, இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. காரணம் மறுபடியும் எரிபொருள்தான், ஊதுலைக்கு வேண்டிய கோக் என்ற எரிபொருளைச் செய்கிற நிலக்கரி பக்கத்தில் கிடையாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு இந்தத் தாதைக் காய்ச்சலாமா என்ற பேச்சு ரொம்ப நாள் நடந்தது. நெய்வேலி பறங்கிப்பேட்டையிலிருந்து 40, 45 கிலோமீட்டர்தான். ஹீத்தின் ஆட்கள் கரிக்குக் காடு காடாக அலைந்தபோது அது அவர்கள் காலடிக்குப் பக்கத்திலேயே புதைந்து கிடந்தது, கிடைத்திருந்தாலும் அந்தக் காலத்து ஊதுலைக்கு அப்படியே ஆகாது என்பது வேறு.

இதைப் படித்துவிட்டு, அந்த ஆலை நிலைத்திருந்தால் பறங்கிப்பேட்டை ஜாம்ஷெட்பூர் ஆகியிருக்கும், வெள்ளைக்காரன் கெடுத்தான் என்று யாராவது கிளம்பினால் நான் அந்தக் கட்சியில் இல்லை. மரக்கரியை நம்பி அது நிலைத்திருந்தால் கல்வராயன் மலையில் ஒரு மரம் மிஞ்சியிருக்காது, மலையில் மரம் இல்லாவிட்டால் வெள்ளாற்றில் மண்ணும் வெள்ளமும் எங்கள் வயலுக்குத்தான் வரும். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் பறங்கிப்பேட்டை ஒன்றியமும் இருக்கிறது. அந்தச் சட்டம் தடைசெய்திருக்கிற தொழில்களின் பட்டியலில் இரும்புத் தாது பதப்படுத்தும் ஆலை, ஒருங்கிணைந்த உருக்காலை எல்லாம் உண்டு. 190 வருஷத்துக்கும் முன்னால் இரும்பாலை வந்த அதே ஒன்றியத்தில் இன்றைக்கு இரும்பாலை வைக்கச் சட்டத்தில் இடமில்லை. பட்டியலை எழுதியவர்களுக்கு இந்தப் பழங்கதை தெரிந்திருக்குமா என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எனக்கு அந்தச் சட்டத்தில் சந்தோஷமே, ஆனால் கஞ்சமலையைத் தோண்ட வேண்டும் என்ற பேச்சு எப்போதாவது தலை எடுக்கும்போது, அது மலையடி ஊர்க்காரர்கள் விவகாரம் என்று கீழே இருக்கிற நாங்கள் சும்மா இருப்பதில் நியாயம் இல்லை. அங்கே திருமணிமுத்தாற்றில் கலப்பது பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக்கு வரும், காவிரியில் வருவது எங்கள் வாய்க்காலுக்கு வரும். அன்றைக்குத் தாது வந்த வழி இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். மெனாய் பாலப் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்து, இந்தத் தொடரில் இன்னொரு வாரம் பறங்கிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் ஒரு நிருபரை அனுப்பி, உலை இருந்த இடங்களைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள், பரிசல்காரர்களின் வம்சாவளி யாராவது பேச இருந்தால் அவர்களிடமும். பிச்சாவரத்துக்குப் படகு சவாரிக்கு வருகிற கூட்டத்தில் பத்துப் பேராவது அதைப் படித்துவிட்டுப் பறங்கிப்பேட்டைப் பக்கம் திரும்புவார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் இல்லாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். ஹீத்தின் வழக்கை வெட்டலாம், என் மச்சினனைத் தாராளமாக வெட்டலாம். விறகை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புவனகிரி